குடியேறிப் பிள்ளையும் குதிரையும்: நான்கு பழைய நாவல்களில் எதை முதலில் கொடுப்பது?

குதிரைப் பைத்தியம் பிடித்த பிள்ளைக்கு, அமெரிக்காவில் புதுநிலம் தேடிப் போனவர்களின் காலத்துக் கதை ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று தேடினால் நான்கு பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘ஃபார்மர் பாய்’ (1933), மார்கரெட் ஹென்றியின் ‘ஜஸ்டின் மார்கன் ஹேட் எ ஹார்ஸ்’ (1945), மேரி ஓ’ஹாராவின் ‘மை ஃப்ரெண்ட் ஃப்ளிக்கா’ (1941), ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி ரெட் போனி’ (1937). பெரும்பாலான பதிப்புகளின் அட்டையில் ஒரு பையனும் ஒரு குதிரையும்தான் இருப்பார்கள். அட்டையை நம்பி எடுத்தால் தவறு நேரும். ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பையனுக்குக் குட்டிக் குதிரை கிடைக்கிறது. இன்னொன்றில், பாதி முடிவதற்குள் பையன் ஆசையாக வளர்த்த குதிரை செத்துக் கிடக்க, பிணந்தின்னிக் கழுகு அதன் கண்ணைக் கொத்துகிறது. இரண்டும் நல்ல எழுத்துதான். ஆனால் இரண்டையும் ஒரே வயதுப் பிள்ளையிடம் கொடுக்க முடியாது.

ஆகவே தேர்வை ஒரே கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது: குதிரைக்கு என்ன ஆகிறது? அதற்கடுத்த கேள்வி, குதிரையோடு செய்யும் வேலையை ஆசிரியர் எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறார் என்பது. வயது, பக்க எண்ணிக்கை, பரிசு முத்திரை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

ஃபார்மர் பாய்: காத்திருப்பின் கதை

எட்டு முதல் பத்து வயதுக்கு முதல் தேர்வு இதுதான். கதை நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், மலோன் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில், 1866ஐ ஒட்டி நடக்கிறது. கதையின் நாயகன் அல்மான்சோவுக்கு ஒன்பது வயது ஆகப்போகிறது. அப்பாவின் லாயத்தில் மார்கன் இனக் குதிரைகள் நிற்கின்றன. ஸ்டார்லைட் என்ற குட்டியின் மேல் அவனுக்கு உயிர். ஆனால் தொடக்கூட அனுமதி இல்லை. விவரம் தெரியாத பையன் ஒருமுறை அதட்டினாலும் சீண்டினாலும் போதும், குட்டி மனிதரை நம்பாத குதிரையாகிவிடும், பிறகு அதை மீட்கவே முடியாது என்பது அப்பாவின் கணக்கு. குதிரை பழக்கும் எவரும் இன்றும் இதையே சொல்வார்கள்.

இந்த நாவலின் சிறப்பு, குதிரைக்குப் போகும் வழியை மாட்டின் வழியாகப் போட்டிருப்பது. ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அப்பா ஒரு சின்ன நுகத்தடி செய்து தருகிறார். செந்தேவதாரு மரம்: வலுவும் உண்டு, கன்றுகளின் கழுத்தை அழுத்தாத அளவுக்கு எடையும் குறைவு. ஸ்டார், ப்ரைட் என்ற இரண்டு காளைக்கன்றுகளை அவன் அதில் பூட்டிப் பழக்குகிறான். ‘கிடாப்’ என்றால் நட, ‘வோ’ என்றால் நில், ‘ஜீ’ வலம், ‘ஹா’ இடம். சொன்னபடி செய்தால் ஒரு துண்டு கேரட். கன்றுகள் சலித்து முரண்டு பிடிப்பதற்கு முன்பே அன்றைய பாடத்தை நிறுத்திவிட வேண்டும். வண்டிமாடு பழக்கிய குடும்பங்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. நகரத்துப் பிள்ளைக்கோ, விலங்கைப் பழக்குவது அடித்து அடக்குவது அல்ல, அதன் பொறுமைக்குள் வேலை செய்வது என்பது இந்த ஒரு அத்தியாயத்திலேயே புரிந்துவிடும்.

குடியேறிகளின் உண்மையான வரலாற்றுக்கும் இது பொருந்துகிறது. மேற்கே போன நெடுந்தூர வண்டிகளைப் பெரும்பாலும் இழுத்தவை காளைகளே, குதிரைகள் அல்ல. 1859இல் அமெரிக்க ராணுவத்தின் கேப்டன் ராண்டல்ஃப் மார்சி பயணிகளுக்காக எழுதிய கையேட்டில், ஆறு கோவேறு கழுதைகள் கொண்ட ஒரு வண்டிப் பூட்டு 600 டாலர், எட்டுக் காளைகள் கொண்ட பூட்டு எல்லைப்புறத்தில் சுமார் 200 டாலர் என்று கணக்குச் சொல்கிறார். 1500 மைல், அதற்கு மேல் தூரமோ கரடுமுரடான பாதையோ என்றால் இளங்காளைகளே தாக்குப்பிடிக்கும் என்றும் எழுதுகிறார். அந்தக் காலத்துப் பையனுக்கு மாடு அன்றாடம், குதிரை கனவு. அந்தக் கனவின் விலையும் நாவலில் இருக்கிறது. அப்பா நான்கு வயதுக் குதிரைகள் இரண்டைத் தலா 200 டாலருக்கு விற்கிறார். கடைசிப் பகுதியில், தொலைந்த பணப்பையைக் கண்டெடுத்துக் கொடுத்ததற்காக அல்மான்சோவின் கைக்கு வரும் தொகையும் அதே 200 டாலர்தான். சேர்த்துப் படிக்கும் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிடும்: அவன் கையில் இப்போது ஒரு குதிரையின் விலை இருக்கிறது. இருந்தும் ஸ்டார்லைட் பணத்துக்காக வருவதில்லை. எப்படி வருகிறது என்பதைப் படித்தே தெரிந்துகொள்ளட்டும்.

வாங்கும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, தொடக்க அத்தியாயங்களிலேயே பள்ளியில் முரட்டு மாணவர்களை ஆசிரியர் சாட்டையால் அடித்து விரட்டும் காட்சி வருகிறது. அதற்கு முந்தைய ஆசிரியர் மாணவர்களிடம் அடிபட்டு இறந்தார் என்ற செய்தியும் கூடவே வரும். இரண்டாவது, இலையுதிர்காலப் பகுதியில் பன்றியும் மாடும் அறுக்கப்படுகின்றன. இறைச்சி தொடர்பான விவரங்கள் நூல் முழுவதும் உண்டு. சைவக் குடும்பங்கள் அந்தப் பக்கங்களை முன்னதாகவே ஒருமுறை பார்த்துவிடலாம். மூன்றாவது முக்கியமானது. அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4 கொண்டாட்டத்தின்போது, இந்தப் பரந்த நாட்டை எடுத்து அமெரிக்காவாக்கியவர்கள் விவசாயிகள் என்று அப்பா மகனுக்குப் பெருமையோடு சொல்கிறார். அந்த நிலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று அவர் நின்று யோசிப்பதில்லை. அங்கே வாசிப்பை நிறுத்திப் பிள்ளையோடு பேசுவது அவசியம். இது வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ்’ வரிசையில் ஒரு நூல். அந்த வரிசையின் மற்ற நூல்களில், குறிப்பாக ஓசேஜ் மக்களின் நிலத்தில் நடக்கும் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி’யில், பூர்வகுடிகளைக் காட்டும் விதம் இன்னும் புண்படுத்துவது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு 2018இல் தன் விருதிலிருந்து வைல்டரின் பெயரை நீக்கியதற்கு இதுவே காரணம். ‘ஃபார்மர் பாய்’ தனிக்கதையாக நிற்கிறது. வரிசையின் முதல் நூலைப் படிக்காமலே இதைத் தொடங்கலாம்.

மொத்தம் 29 அத்தியாயங்கள். இரவுக்கு ஒன்றாக உரக்க வாசித்தால் ஒரு மாதத்துக்குச் சரியாக இருக்கும். பிள்ளை தானே வாசிப்பதைவிடப் பெரியவர் வாசித்துக் காட்டுவதே இதற்குப் பொருத்தம். நுகத்தடியின் பாகங்கள், ஏரியில் பனிக்கட்டி அறுத்து மரத்தூளில் புதைத்துக் கோடைவரை சேமிக்கும் முறை போன்ற இடங்களில் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினால் போதும், பிள்ளை கதையோடு வந்துவிடும்.

ஜஸ்டின் மார்கன்: உண்மையில் வாழ்ந்த குதிரை

பிள்ளையின் ஆசை பண்ணை வாழ்க்கையில் இல்லை, குதிரையில் மட்டுமே என்றால் இதை முதலில் கொடுங்கள். அல்மான்சோவின் லாயத்தில் நின்ற மார்கன் இனம் முழுவதும் ஒரே ஒரு பொலிகுதிரையிலிருந்து வந்தது. அது 1789இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட் ஸ்ப்ரிங்ஃபீல்டில் பிறந்தது. ஃபிகர் என்பது பெயர். பிறகு உடைமையாளரான பள்ளி ஆசிரியர் ஜஸ்டின் மார்கனின் பெயராலேயே அறியப்பட்டது. அவர் இசையமைப்பாளரும்கூட. அப்போதுதான் காடழித்துக் குடியேறிக்கொண்டிருந்த வெர்மான்ட்டுக்குக் குதிரையைக் கொண்டுவந்தவர் அவரே. உயரம் ஏறத்தாழ 14 கை. குதிரை அளக்கும் ‘கை’ என்பது 4 அங்குலம், ஆக 56 அங்குலம், 142 சென்டிமீட்டர். முதுகின் மேட்டுவரை அளக்கும் அளவு இது. பெரிய இழுவைக் குதிரைகள் அசைக்க முடியாத மரக்கட்டையை, மேலே ஆட்களையும் ஏற்றிக்கொண்டு இந்தச் சின்னக் குதிரை இழுத்துப் போனது என்ற மரபுக்கதை நாவலின் உச்சங்களில் ஒன்று.

நாவலில் பள்ளி ஆசிரியர் மார்கன், வரவேண்டிய கடனை வாங்க மாணவன் ஜோயலோடு நடந்தே போகிறார். பணம் கிடைக்கவில்லை. பதிலுக்கு இரண்டு குட்டிகள் கிடைக்கின்றன: எபெனீசர் என்ற பெரியது, லிட்டில் பப் என்ற சின்னது (இதுதான் பின்னாளில் ஜஸ்டின் மார்கன் என்று அறியப்பட்ட குதிரை). சின்னதை யாரும் மதிப்பதில்லை, ஜோயலைத் தவிர. பிறகு குதிரை கைமாறிக்கொண்டே போகிறது. கடுமையாக வேலை வாங்கப்படும் பகுதிகள் உண்டு. பிரிவுதான் இந்தக் கதையின் வலி, குதிரையின் சாவு அல்ல. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை தானாகவே படித்து முடித்துவிடும். வாக்கியங்கள் குறுகியவை, கதை வேகமாக நகர்கிறது. ‘ஃபார்மர் பாய்’ அளவுக்கு வேலை நுணுக்கங்கள் இதில் இல்லை என்பதுதான் குறை. பையன் குதிரையை நேசிக்கிறான் என்பது தெரிகிறது, குதிரை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை.

பதிப்பைக் கவனியுங்கள். 1945இல் வந்த முதல் வடிவம் சிறியது. 1946இல் அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரியின் கௌரவம் பெற்றது அதுவே. 1954இல் ஹென்றி அதை விரித்து எழுதினார். இன்று கிடைக்கும் மறுபதிப்புகள் பெரும்பாலும் விரித்த வடிவம். பிள்ளைக்கு அதுவே நல்லது. இரண்டிலும் படங்கள் வெஸ்லி டென்னிஸ் வரைந்தவை. பேப்பர்பேக்கில் படங்கள் சுருங்கி நிறம் இழந்துவிடுகின்றன. பழைய கெட்டி அட்டைப் பிரதி நல்ல நிலையில் கிடைத்தால் சற்று அதிக விலை கொடுத்தாலும் தகும், ஏனெனில் இந்தப் புத்தகத்தில் பாதிக் கதையைச் சொல்வது படங்கள்தான்.

ஃப்ளிக்கா: பதின்மூன்று வரை பொறுக்கலாம்

இது வயோமிங் மாநிலத்துப் பண்ணையில், குடியேறிகளின் காலம் முடிந்து வெகுநாள் கழித்து நடக்கும் கதை. மேரி ஓ’ஹாரா அந்த மாநிலத்திலேயே பண்ணை நடத்தியவர். குதிரைகளைப் பற்றிய விவரம் நான்கு நூல்களிலும் இதில்தான் மிக அடர்த்தி. பத்து வயது கென், கனவு கண்டுகொண்டே பள்ளியில் தோற்றுவிட்டு வருகிறான். தனக்கென ஒரு குட்டியைத் தேர்ந்தெடுக்க அப்பா அனுமதிக்கும்போது, அடங்காத இரத்தம் ஓடும் வம்சத்துப் பெண்குட்டி ஒன்றைக் கேட்கிறான். ஃப்ளிக்கா என்றால் ஸ்வீடிஷ் மொழியில் சிறுமி. தப்பிக்க முயன்று முள்கம்பி வேலியில் பாய்ந்து கிழிபடுகிறது. காயத்தில் சீழ் வைத்து உடல் முழுவதும் பரவுகிறது. சுட்டுவிட வேண்டும் என்று அப்பா முடிவெடுக்கிறார். ஓடைத் தண்ணீரில் இரவெல்லாம் அதன் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து, பையனும் நோயில் விழுகிறான்.

குட்டி பிழைக்கிறது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதில் தவறில்லை. மென்மனம் கொண்ட பிள்ளைகள் அந்த உறுதி இருந்தால்தான் நடுப்பகுதியைக் கடப்பார்கள். ஆனால் தாய்க் குதிரை சாகிறது, ஆண்குட்டிகளுக்குக் காயடிக்கும் காட்சி ஒளிவுமறைவின்றி வருகிறது, பெற்றோருக்கிடையே பணக் கவலையும் கசப்பும் ஓடுகின்றன. இது முதலில் பெரியவர்களுக்கென்றே எழுதப்பட்டது. பத்து வயதில் கொடுத்தால் குதிரை வராத பக்கங்களில் பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிடும். 2006இல் வந்த திரைப்படத்தில் பையன் கென், கேட்டி என்ற பெண்ணாக மாற்றப்பட்டிருக்கிறாள். படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வரும் பிள்ளையிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

தி ரெட் போனி: சிறுவர் அலமாரியில் தவறாக நிற்கும் நூல்

நான்கில் இலக்கிய உயரம் கூடியது இதுதான். அதனாலேயே எச்சரிக்கையும் கூடுதலாக வேண்டும். 1945இல் இந்நூலுக்கு ஓவியம் தீட்டியவர் அதே வெஸ்லி டென்னிஸ். அழகான வண்ணக் குதிரைகள். அந்தப் பதிப்பைக் கண்டு சிறுவர் நூல் என்று நினைத்து வாங்கியவர்கள் ஏராளமாக இருந்திருப்பார்கள். பக்கமும் குறைவு, நூற்றை ஒட்டியே இருக்கும்.

கலிஃபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கு. பத்து வயது ஜோடிக்கு அப்பா கபிலான் என்ற சிவப்பு மட்டக்குதிரையைக் கொண்டுவருகிறார். பண்ணையாள் பில்லி பக் ஒவ்வொரு படியாகக் கற்றுத் தருகிறார்: தேய்த்து விடுவது, கயிற்றில் நடத்துவது, வட்டமாக ஓட்டுவது, வாயிரும்புக்குப் பழக்குவது, சேணம் வைப்பது. ஏறி உட்காரும் நாளுக்கு முன்பே குதிரை மழையில் நனைகிறது. அன்றைக்கு மழை வராது என்று பில்லிதான் உறுதி சொல்லியிருந்தான். சளி பிடிக்கிறது, தாடைக்கு அடியில் கட்டி வைக்கிறது. பில்லி கட்டியைக் கீறிச் சீழ் எடுக்கிறான், மூச்சு அடைக்கவே தொண்டைக் குழாயில் துளை போடுகிறான். எதுவும் காப்பாற்றவில்லை.

இந்த நோய் ஸ்ட்ராங்கிள்ஸ். ஒருவகைப் பாக்டீரியாவால் தொண்டை நிணநீர்க் கட்டிகள் வீங்கிச் சீழ் பிடிக்கும் தொற்று. நோயுள்ள குதிரையிடமிருந்தும், அது பயன்படுத்திய தண்ணீர்த் தொட்டி, கடிவாளம் போன்றவற்றிலிருந்தும் பரவுகிறது. மழையில் நனைவதால் மட்டும் இது வந்துவிடாது. குதிரை வளர்க்கும் ஆசையுள்ள பிள்ளையிடம் இதைத் தெளிவுபடுத்துவது நல்லது, இல்லையென்றால் நனைந்த குதிரை சாகும் என்ற பயம் ஒட்டிக்கொள்ளும். தவிர, பெரும்பாலான குதிரைகள் இந்த நோயிலிருந்து மீண்டுவிடுகின்றன. இந்நூல் ஜோடியைப் பற்றிய தனித்தனிக் கதைகளால் ஆனது. அடுத்து வரும் கதைகளில் ஒன்றில், குட்டியை உயிரோடு எடுப்பதற்காகச் சினைக்குதிரையைச் சுத்தியலால் அடித்துக் கொல்கிறார்கள். பதினைந்து வயதுக்குக் கீழே இதைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

பதினைந்துக்கு மேல் என்றால் கட்டாயம் கொடுங்கள். அப்போது நூலில் நான்கு கதைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1937இன் முதல் பதிப்பில் மூன்றுதான். நான்காவது கதையில் ஜோடியின் தாத்தா வருகிறார், வண்டித் தொடரை மேற்குக் கடல்வரை நடத்திக் கூட்டிவந்தவர். போவதற்கு இனி மேற்கு இல்லை, அந்த வேகம் மனிதர்களிடம் தீர்ந்துவிட்டது என்கிற அவருடைய துக்கம், ‘ஃபார்மர் பாய்’ அப்பாவின் ஜூலை 4 பெருமைக்கு நேர் எதிரே நிற்கிறது. சிறுவயதில் அதைப் படித்த பிள்ளை வளர்ந்து இதைப் படிக்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து முழு வரலாறாகின்றன.

பிரதி வாங்கும்போது

‘ஃபார்மர் பாய்’ வாங்குகையில் அதிகம் நேரும் தவறு, சுருக்கிய வடிவத்தை முழு நூல் என்று எண்ணி வாங்குவது. இந்த வரிசையிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கென எடுத்து எளிமையாக்கிய மெல்லிய நூல்கள் நிறைய வந்திருக்கின்றன. உள்ளடக்கத்தில் 29 அத்தியாயங்களும் உண்டா என்று எண்ணுங்கள். முழுநூல் பேப்பர்பேக்கில் 370 பக்கத்தை ஒட்டி இருக்கும். படங்களில் இரண்டு மரபு உண்டு. 1953க்கு முந்தைய பதிப்புகளில் ஹெலன் சூவலின் ஓவியங்கள்: எளிய, மரச்செதுக்குப் போன்ற கோடுகள். 1953 முதல் கார்த் வில்லியம்ஸின் பென்சில் ஓவியங்கள். வில்லியம்ஸ் 1947இல் வைல்டரை நேரில் சந்தித்துவிட்டு வரைந்தவர். ஏர், சறுக்குவண்டி, சேணம் என்று கருவிகளை அடையாளம் காண வில்லியம்ஸே உதவுவார். வாசிக்கும் பிள்ளைக்கு அவரை எடுங்கள், சூவலைச் சேகரிப்பாளர்களுக்கு விடுங்கள்.

சேகரிப்பவர் என்றால், ஹார்ப்பர் நிறுவனம் அக்காலத்தில் பதிப்புரிமைப் பக்கத்தில் இட்ட இரண்டு எழுத்துக் குறியைப் பாருங்கள். முதல் எழுத்து மாதம், இரண்டாவது ஆண்டு. ஆண்டு வரிசை 1926இல் ‘ஏ’ என்று தொடங்கும், ஆகவே 1933க்கு ‘ஹெச்’. 1933 என்ற அச்சை மட்டும் நம்பி விலை கொடுத்தால், அது பிந்தைய அச்சாக இருக்கலாம்.

வைல்டர் 1957இல் மறைந்தார். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரைதான். ஆகவே ‘ஃபார்மர் பாய்’ மூலம் 2018 தொடக்கத்திலிருந்து இங்கே பொதுவுடைமை. தமிழில் மொழிபெயர்த்து இந்தியாவில் வெளியிட யாரும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. இலங்கையில் 70 ஆண்டுக் கணக்கு என்பதால் இன்னும் சிறிது காலம் இருக்கிறது. சூவலும் 1957இல் மறைந்தவர்தான், ஆகவே அவருடைய ஓவியங்களுக்கும் இதே கணக்குதான். வில்லியம்ஸ் ஓவியங்களுக்கு உரிமை நீடிக்கிறது. அதனால் படமே இல்லாத மலிவு அச்சுகள் வரலாம், வாங்குமுன் உள்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

பழைய பிரதியைக் கையில் எடுத்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் வேண்டாம், கடலோர ஈரப்பதத்தில் அது பக்கத்துப் புத்தகங்களுக்கும் பரவும். வெறும் பழைய வாடை என்றால், மூடிய பெட்டியில் ஒரு கிண்ணம் சமையல் சோடாவோடு, சோடா புத்தகத்தில் படாமல், நான்கைந்து நாள் வைத்தால் குறையும். வெயிலில் காயவைக்காதீர்கள், அமிலக் காகிதம் மேலும் பழுத்து ஓரம் உதிரும். நூலக முத்திரை குத்திய பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். பிள்ளைக்கு அவையே சிறந்தவை, தையல் வலுவானது, விலையும் குறைவு.

எட்டு வயதில் ‘ஃபார்மர் பாய்’, அடுத்த ஆண்டு ‘ஜஸ்டின் மார்கன்’ என்று போனபின் பிள்ளை அல்மான்சோவைப் பற்றிக் கேட்டால், வைல்டரின் ‘தி லாங் வின்டர்’ இருக்கிறது. 1880-81 குளிர்காலம், டகோட்டாவின் டி ஸ்மெட் ஊர். பனிப்புயலில் ரயில் நின்று ஊரே பட்டினியில் கிடக்கிறது. வளர்ந்து ஆளாகிவிட்ட அல்மான்சோ, தன் குதிரையைச் சறுக்குவண்டியில் பூட்டிக்கொண்டு கோதுமை தேடிப் பனிவெளிக்குள் போகிறான். உறைபனிக்கு அடியில் குழியிருக்கும் இடங்களில் குதிரை மிரண்டு புதையும்போதெல்லாம் அவன் இறங்கிப் போய் அமைதியாகப் பேசி அதை வெளியே நடத்துகிறான்.